கங்காணியம்மா எழுந்த நேரம்

பதுளையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரியை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தவர்கள் அப்புறம் மறக்கமாட்டார்கள். கடைவீதியில் அன்றைக்கு ஒரு கல்யாணம். முதல் பந்தி முடிந்து, எல்லாரும் இலையை மடித்துவிட்டு எழுந்து, கை கழுவி, வெற்றிலையும் போட்டாயிற்று. அவர் மட்டும் நீளப் பாயில் தன்னந்தனியாக உட்கார்ந்து, பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். அடுத்த பந்திக்காரர்கள் சுவரோரமாகப் பசியோடு நின்றார்கள். இலை எடுக்கிறவன் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா, இருமலா? சுக்குத்தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இலையைக் கவனித்தார்.

கடைசியில் மாப்பிள்ளையின் தாய்மாமனே வந்தார். "அம்மா, அடுத்த பந்தி போடணும்."

"போடுங்க தம்பி. நானா வேணாங்கிறேன்? என்னையச் சுத்திப் போடுங்க."

அப்படியே போட்டார்கள். இரண்டாம் பந்தியோடு சேர்ந்து அவர் இன்னும் ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார். பிறகு யாரும் எதிர்பாராத நேரத்தில், ரசம் பரிமாறும்போது, இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அதுதான் அவருக்குச் சரியான நேரமாகப் பட்டிருக்க வேண்டும்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆள் கூட்டி வேலை வாங்கும் பெரிய கங்காணியாக இருந்தவரின் மனைவி அவர். அதனால் ஊருக்கெல்லாம் கங்காணியம்மா. சொந்தப் பெயர் என்னவென்று பக்கத்திலேயே குடியிருந்த நான்கூடக் கேட்டதில்லை. பருத்த உடம்புக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். குள்ளம், ஒல்லி. ஒரு கையால் தூக்கி அப்பால் வைத்துவிடலாம்போல இருப்பார். ஆனால் உட்கார்ந்துவிட்டால் அவரைக் கிளப்ப யாராலும் முடியாது. கோபப்படமாட்டார், சண்டைக்கு வரமாட்டார், சொன்னதைக் கேட்டுத் தலையைக்கூட ஆட்டுவார். "சொல்றது உங்க வேலை. எந்திரிக்கிறது என் வேலை" என்பார். அவ்வளவுதான்.

எங்களுக்கு அவர் பழக்கமானதே இந்தக் குணத்தால்தான். என் வீட்டுக்காரர் அப்போது ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தார். எங்களுக்குக் கல்யாணமான புதிது. சொந்தமாக ஒரு கதவு இல்லாமல், அவருடைய கூட்டாளி ஒருவரின் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில் கங்காணியம்மா காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தார். காய்ச்சல் விட்டது. வீட்டுக்குப் போகலாமென்று டாக்டர் சொன்னார். அவர் போகவில்லை. பக்கத்துக் கட்டில்காரி தன் மருமகள் செய்த அநியாயங்களைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். கதை பாதியில் நின்றது. மறுநாள் டாக்டர் மறுபடியும் சொன்னபோது, "கதை இன்னும் தீவாளிக்கே வரல டாக்டரய்யா" என்று பதில் வந்தது. கட்டில் விரிப்பை எடுக்க வந்த ஆயா, அதன் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்று, அவளும் கதையைக் கேட்டுவிட்டுப் போனாள்.

நயமாகப் பேசுகிறவர் என்று என் வீட்டுக்காரரை அனுப்பினார்கள். அன்று மாலை அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வீடு கெடச்சிருச்சு" என்றார்.

"யாரு வீடு?"

"ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு அம்மாவ வெளியேத்தப் போனேன். அவங்க வீட்டுல பக்கத்துப் பகுதி சும்மா கெடக்காம்."

"அவங்க வெளியேறிட்டாங்களா?"

"இல்ல. நாளைக்குக் கதை முடிஞ்சுரும்னாங்க."

அப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனோம். பசறை ரோடு வளைந்து இறங்குகிற இடத்தில் தகரக் கூரை போட்ட நீளமான வீடு. தேக்கு நிலைகள், கல் தரை, முற்றத்தில் ஒரு பலா, பின்னால் மாட்டுக்கொட்டில். மேகம் விலகினால் எதிரே நமுனுகுல மலை தெரியும். பெரும்பகுதியில் அவரும், ஓரத்து இரண்டு அறைகளில் நாங்களும். ஒரே மகள் பண்டாரவளையில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "எங்கூட வந்துருங்கம்மா" என்று மகள் ஆள்மேல் ஆளாகச் சொல்லியனுப்புவாள். "வாறேன்னு சொல்லு" என்று அவரும் தவறாமல் பதில் சொல்லியனுப்புவார்.

ஒருநாள் அவரோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது தோட்டத்துக் கதை ஒன்று சொன்னார். கங்காணிக்கும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கும் ஏதோ தகராறு. துரை பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார். பத்துச்சீட்டு வந்தால் தோட்டத்தில் வேலையுமில்லை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அறையுமில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். கங்காணி மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டார். இவர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"தோசைக்கு ஆட்டி வச்சிருந்தேன் புள்ள. மாவு புளிக்க வேணாமா?"

துரையே குதிரையில் வந்து லயத்து வாசலில் நின்றாராம். இன்னும் ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறார். "மாவு புளிக்கல தொரே" என்றிருக்கிறார் இவர். துரைக்குப் புரியவில்லை. அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினார். அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, துரை முகம் மாறி, யாருக்கு உடம்பு சரியில்லை, டாக்டரை அனுப்பவா என்று கேட்டாராம். மறுநாள் காலையில் லயம் முழுவதற்கும் தோசை சுட்டுப் போட்டு, அறையைக் கூட்டிச் சாணம் மெழுகி, "வாங்க போவோம்" என்று இவரே முன்னால் நடந்திருக்கிறார். கங்காணி மூட்டையோடு பின்னால் ஓடியிருக்கிறார்.

வேறு தோட்டத்துக்குப் போனபின் கங்காணிக்கு நல்ல காலம் வந்தது. அப்போது கட்டியதுதான் இந்தப் பதுளை வீடு. பிறகு இந்தியாக் கரைக்குப் போய் ஆள் கூட்டி வருவதற்காக வீட்டை ஒரு செட்டியாரிடம் ஈடு வைத்தார். கூட்டி வந்தவர்களில் பாதிப்பேர் கொஞ்ச நாளில் வேறு தோட்டங்களுக்கு ஓடிவிட்டார்கள். மீதிப்பேர் கங்காணிமேல் உயிராக இருந்தார்கள். ஆனால் அந்தப் பிரியத்தை வட்டியில் கழித்துக்கொள்ளச் செட்டியார் ஒப்பவில்லை. கங்காணி செத்துப் போனார். கடன் சாகவில்லை. நாங்கள் குடிபோன அடுத்த வருஷம் செட்டியார் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பும் வாங்கிவிட்டார்.

செட்டியார் பொல்லாதவர் அல்ல. ஆளனுப்பாமல் தானே நேரில் வந்தார். நான் எங்கள் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கங்காணியம்மா, கோர்ட்டுல நம்ம பக்கம் தீர்ப்பாயிருச்சு."

"சந்தோசம். உக்காருங்க."

"அதாவது, வீட்டை வந்து..."

"வெயில்ல வந்திருக்கீக. மொதல்ல மோர் குடிங்க."

செட்டியார் மோர் குடித்தார். கொழுக்கட்டை வந்தது. அதையும் தின்றார். ஊரில் அவருடைய மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற சங்கதியை அவர் வாயிலிருந்தே வரவழைத்து, எந்த மாதிரி மாப்பிள்ளை சரிப்படும் என்று கங்காணியம்மா யோசனையும் சொன்னார். செட்டியார் எழுந்தபோது, "இவ்வளவு சீக்கிரமாவா?" என்று வருத்தப்பட்டார். ரோட்டு வளைவுவரை போனபிறகுதான் வந்த காரியம் செட்டியாருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து படலைக்கு வெளியே நின்றார்.

"அப்ப, எப்பம்மா காலி பண்ணுவீக?"

"மாடு செனையா இருக்கு. ஈனட்டும்."

செட்டியார் கொட்டில் பக்கம் பார்த்தார். மாடும் அவரைப் பார்த்தது. சினைமாட்டை ரோட்டில் இறக்கி நடக்க வைத்த பாவம் தனக்கு வேண்டாமென்று நினைத்தாரோ என்னவோ, வந்த வழியே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் நேரெதிர் சுபாவம். எங்கேயும் முந்திப் போய், முந்தித் திரும்புகிறவர். செட்டியார் தலை மறைந்ததுமே மூட்டை கட்டத் தொடங்கினார். பாத்திரம், படுக்கை, துணி எல்லாம் கட்டியாயிற்று. பிறகு மாதக்கணக்கில் நான் சமைக்கும்போது மூட்டையை அவிழ்த்துச் சட்டியை எடுப்பதும், சாப்பிட்டதும் அவர் அதைக் கழுவி மறுபடி கட்டி வைப்பதுமாக எங்கள் குடித்தனம் நடந்தது.

அவர் கங்காணியம்மாவிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தார். "தமுக்கடிச்சு ஏலம் போடுறதுக்கு முன்னாலயே போயிட்டா மரியாதைங்கம்மா. நாலு பேர் முன்னால அவமானப்பட வேணாம் பாருங்க."

"மருந்தய்யா, ஒங்களுக்கு நல்ல மனசு" என்றார் அவர். "ஆனா நான் பூட்டிட்டுப் போயிட்டா வீடு அனாத. அனாதப் பொணத்துக்கு எவன் மால வாங்கியாருவான்? அடிமாட்டு வெலைக்கு அள்ளிட்டுப் போயிருவாங்க. நான் இருக்கமட்டுக்கும் இது வீடு."

வக்கீலைக் கேட்டபோது அவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஏலம் முடிந்து, வாங்கினவர் பெயரில் கோர்ட்டு உத்தரவு வரும்வரை யாரும் கிளப்ப முடியாதாம். இருக்கலாம், தப்பில்லையாம். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டும் மூட்டையை அவிழ்க்கவில்லை.

சொன்னபடியே ஒருநாள் தமுக்கு வந்தது. கோர்ட்டுத் தீர்ப்புகளை நிறைவேற்றுகிற பிஸ்கால் கந்தோரிலிருந்து சேவகர் ஒருவர் வந்தார். வயதான சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கூடவே தமுக்கடிக்கிற ஆள். இன்ன வீடு ஏலத்துக்கு வருகிறதென்று ஊருக்குத் தெரியும்படி வீட்டு வாசலில் அடிக்க வேண்டும். முதல் அடி விழுந்ததும் கொட்டிலில் மாடு துள்ளிக் கயிற்றை இழுத்தது. கங்காணியம்மா வெளியே வந்தார்.

"ஏப்பா, நிறைமாசம் அது. இப்படி நெஞ்சுல அடிச்ச மாதிரி அடிக்கிறியே. தூரப் போய் அடி."

"வாசல்ல அடிக்கோணும் அம்மா. அதுதான் சட்டம்" என்றார் சேவகர்.

"அடிச்சீங்கள்ல ஒண்ணு? அது சட்டத்துக்கு. மிச்சத்த அங்கிட்டுப் போய் அடிங்க."

சேவகர் மாட்டைப் பார்த்தார். அவருடைய ஊரிலும் மாடு இருந்திருக்க வேண்டும். இருவரும் இறங்கிப்போய், ரயில் பாதைக்காக மண் வெட்டிக்கொண்டிருந்த மேட்டருகே நின்று அடித்தார்கள். தெருவில் யாருக்கும் கேட்கவில்லை. மண் வெட்டுகிறவர்களுக்குத்தான் கேட்டது. அவர்களில் சிலர் கைகால் கழுவிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, இங்கே என்ன விசேஷம், சாப்பாடு உண்டா என்று கேட்டார்கள். கங்காணியம்மா அவர்களுக்குப் பலாச்சுளை கொடுத்தனுப்பினார். போகிறபோது அவர்களிடம் கேட்ட கேள்வியை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கோச்சி எப்பப்பா பதுளைக்கு வரும்?"

"தெமோதரையில இன்னும் மலையைக் கொடஞ்சுக்கிட்டு இருக்காங்கம்மா. வரும் வரும்."

அந்தச் சமயம் பதுளை முழுக்கவே ரயில் பேச்சாகத்தான் இருந்தது. ஸ்டேஷன் எங்கள் பக்கமாகத்தான் வருகிறதென்று தெரிந்ததும் வீட்டுக்குக் கிராக்கி ஏறிவிட்டது. மாடு கன்று போட்டு, கன்று துள்ளி ஓடத் தொடங்கியிருந்தபோது ஏலம் நடந்தது. வீட்டு முற்றத்திலேயே. செட்டியாரின் ஆள் வந்திருந்தார். குறைந்த விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்வதுதான் அவர்கள் கணக்கு. வண்டிக் காண்டிராக்டர் ஒருவர் வந்திருந்தார். கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவரும் குடையை மடக்கியபடி ஓரமாக நின்றார்.

வக்கீல் கங்காணியம்மாவிடம், "நீங்கள் உள்ளேயே இருங்கள், ஒன்றும் பேச வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அவரும் சரியென்று தலையை ஆட்டிவிட்டு, நாற்காலியைத் தூக்கி வந்து முற்றத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

ஏலம் கூறுகிறவர் ஆரம்பித்தார். "பழைய வீடு ஒன்று, தகரக் கூரை..."

"பழசா?" என்றார் கங்காணியம்மா. "எந்தப் பக்கம் பழசு? அந்த நிலையைத் தட்டிப் பாருங்க. தேக்கு. கங்காணி மரத்தை வெட்டி ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டு வச்சு அப்புறமா அறுத்தாரு. தட்டுங்கய்யா, சும்மா நிக்கிறீங்களே."

கூறுகிறவர் வேறு வழியில்லாமல் தட்டினார். நல்ல சத்தம் வந்தது. செட்டியாரின் ஆள் முகம் சுருங்கியது. வண்டிக் காண்டிராக்டர் ஒரு விலை கேட்டார். கங்காணியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இது மாட்டுக்கொட்டிலுக்குக் கேக்குற வெலையா, வீட்டுக்கா?"

கூட்டம் சிரித்தது. காண்டிராக்டர் வெட்கத்தில் ஏற்றிக் கேட்டார். ஹாஜியார் அதற்குமேல் கேட்டார். "கூரை ஒழுகுமா?" என்று நடுவில் ஹாஜியார் ஒரு சந்தேகம் கேட்டபோது நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஏனென்றால் எங்கள் அறை ஒழுகும். கங்காணியம்மா பொய் சொல்லவில்லை.

"மருந்தய்யா பக்கம் ஒரு மூலையில ஒழுகும். ரெண்டு தகரம் மாத்தணும். மாத்திக் குடுத்துருங்க. ஏன்னா அவங்க இங்கதான் இருப்பாங்க. அதையும் சேத்துத்தான் நீங்க வாங்குறீங்க."

ஹாஜியார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். மூட்டைகளுக்கு நடுவில் நின்ற என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். கடைசியில் வீடு ஹாஜியாருக்குத்தான் விழுந்தது. செட்டியாரின் கடன், கோர்ட்டுச் செலவு எல்லாம் போக ஒரு தொகை மிஞ்சிக் கங்காணியம்மா கைக்கே வந்தது. பூட்டிப் போட்டிருந்தால் வட்டிக்கே பத்தியிருக்காது என்று வக்கீல் பிற்பாடு சொன்னார். அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் மூட்டைகளை அவிழ்த்தார்.

கங்காணியம்மா இனிப் போய்விடுவார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். உத்தரவு வந்தது. அவர் இருந்தார். ஹாஜியாருக்கு அவசரம். ரயில் வருவதற்குள் இந்த வீட்டில் ஒரு கடையைத் திறந்துவிட வேண்டும். ஒருநாள் சாயங்காலம் வந்து பணிவாகக் கேட்டார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"மகள் வீடு பண்டாரவளைதானேம்மா? நல்ல மாடு பூட்டின வண்டி ஒண்ணு நானே பிடிச்சுத் தாறேன். மெத்தையும் போட்டுத் தாறேன். அலுங்காமப் போயிரலாம்."

"வண்டி வேணாம் ஹாஜியார். கோச்சியிலதான் போவேன்."

"கோச்சி எப்ப வருமோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

கங்காணியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். புடைத்தபடியே பேசினார்.

"நான் இந்தச் சீமைக்கு வந்தப்ப இம்புட்டுப் புள்ள. மன்னார்ல எறங்கி நடந்தேதான் வந்தோம். காடு. விடிஞ்சா ஆள்கூட்டி வந்தவன் கம்போட வந்து எந்திரி எந்திரின்னு தட்டுவான். ஒருநா ஒரு மடத்துல படுத்திருந்தோம். காலையில தட்டுனான். நான் எந்திரிச்சேன். அம்மா எந்திரிக்கல."

முறத்திலிருந்து கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்தார்.

"எனக்கு அவ கிட்ட கொஞ்ச நேரம் இருக்கணும்போல இருந்துச்சு. விடல. நட, நடன்னுட்டான். அதுக்கப்புறம் எவன் சொல்லியும் நான் எந்திரிக்கிறதில்ல. வந்தது நடந்து வந்தேன். போறப்ப உக்காந்துதான் போவேன்."

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. நான் எழுந்து போகவில்லை. ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"இருங்கம்மா. கோச்சி வரட்டும்."

ஹாஜியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் கடைக்காரர் அல்லவா? சரக்கைக் கொண்டுவந்து இறக்காமல் இருக்க முடியவில்லை. முன் அறையில் அரிசி மூட்டைகள் வந்தன. கங்காணியம்மா நடு அறைக்கு நகர்ந்தார். நடு அறைக்குச் சீனியும் கருவாடும் வந்தன. அவர் சமையலறைக்குப் போனார். ஆனால் பகலெல்லாம் முன் அறையில் அவருடைய பழைய இடத்திலேயே மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் அவர்தான் கடைக்காரி என்று நினைத்து, "சீனி என்னம்மா விலை?" என்று கேட்பார்கள். அவரும் ஒரு விலை சொல்லுவார். ஹாஜியார் மனசில் வைத்திருந்த விலையைவிட அது எப்போதும் கொஞ்சம் குறைவாக இருக்கும். கடை திறக்கும் முன்பே, இந்தக் கடையில் மலிவு என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. ரயில் சீக்கிரம் வர வேண்டுமென்று பதுளையில் ஹாஜியாரைப்போல வேண்டிக்கொண்டவர் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

ஒருவழியாக ரயில் வந்தது. இஞ்சினுக்கு மாலை, வாழைமரம், பாண்டு வாத்தியம். மலை மேலிருந்தெல்லாம் சனங்கள் இறங்கி வந்து, தோட்டங்களில் அன்றைக்குக் கொழுந்து எடுக்க ஆளில்லை என்றார்கள். ஹாஜியார் ஓடி வந்தார்.

"அம்மா, வந்துருச்சு!"

"பாத்தேன். இன்னைக்குக் கூட்டம். நின்னுக்கிட்டுப் போகணும். நாளைக்குப் போறேன்."

ஹாஜியார் மூட்டை ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் மறுநாள் கங்காணியம்மா சொன்னபடியே புறப்பட்டார். யாரும் எழுப்பவில்லை. விடியற்காலையிலேயே குளித்து, வீடு முழுவதையும், மூட்டைகளுக்கு இடையில் விளக்குமாறு நுழைகிற இடத்தையெல்லாம் கூட்டி, படலையைச் சாத்திவிட்டு நடந்தார். மாட்டையும் கன்றையும் முந்தின நாளே ஒரு பால்காரர் ரோடு வழியாகப் பண்டாரவளைக்கு ஓட்டிப் போயிருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் ஸ்டேஷன்வரை போனோம். என் வீட்டுக்காரர் அவசரப்படுத்தி எங்களை முந்தியே கொண்டுபோய் நிறுத்திவிட்டதால் ஜன்னலோரத்து இடம் கிடைத்தது. கங்காணியம்மா ஏறி, பலகையைக் கையால் துடைத்து, காலை மடக்கி உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ரயில் நகர்ந்தபோது நான் அழுதேன். அவர் என்னைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ரயிலில் அவருடைய மருமகன், அந்தக் கணக்கப்பிள்ளை, வேர்த்து விறுவிறுத்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"அத்தைய ஏத்தி விட்டீங்களா, இல்லையா?"

"ஏத்தி விட்டோமே. உக்கார வச்சுட்டுத்தான் வந்தோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பண்டாரவளையில ஸ்டேஷன்ல நின்னேங்க. ஜன்னல் வழியா என்னையப் பாத்தாங்க. கையும் காட்டுனாங்க. எறங்குவாங்கன்னு பாத்தா எறங்கல. கோச்சி போயிருச்சு. நானும் ஓடினேன், அவங்க போய்க்கிட்டே கை காட்டுறாங்க!"

பக்கத்தில் கடையைத் திறந்துகொண்டிருந்த ஹாஜியார் இதைக் கேட்டு வெளிறிப்போனார். "திரும்பி இங்கதான் வருவாங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் இங்கேதான் வந்தார். நானுஓயாவரை போய், அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா கொடுத்த சோற்றைத் தின்று, பெண்கள் இருக்கும் அறையில் படுத்து எழுந்து, மறுநாள் இறங்குகிற ரயிலில் உட்கார்ந்தவர், பண்டாரவளையில் மறுபடியும் இறங்காமல் பதுளைக்கே வந்துவிட்டார். படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "பயப்படாதீங்க ஹாஜியார், நாளைக்குப் போயிருவேன்" என்றபடி எங்கள் பக்கத்து வாசற்படியில் உட்கார்ந்தார். சேலையெல்லாம் கரிப்புகை. முகம் மட்டும் துலக்கிய செம்புபோல இருந்தது.

இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட மருமகனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஏன் அத்தே எறங்கல? பண்டாரவள, பண்டாரவளன்னு ஸ்டேஷன்காரன் கத்துனான்ல? கேக்கலியா ஒங்களுக்கு?"

நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். கங்காணியம்மா அதை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நடந்து வந்தப்ப முன்னால போறவங்க குதிகாலத்தான் பாத்துக்கிட்டு வந்தேன் புள்ள. சுத்தி இம்புட்டு மலை இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது."